வேலியோரத்தில் ஜூன் மாதம் பூக்காத இடம்

1

"இந்த ஜூனில் உங்கள் தோட்டத்தில் ஏதோ குறைகிறதே" என்றார் பக்கத்து வீட்டு மார்கரெட், வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஆமாம், இந்த வருஷம் வெயில் சரியாக வரவில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இங்கிலாந்தில் பதினேழு வருஷம் இருந்ததில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். எதைக் கேட்டாலும் வானிலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

உண்மையில் குறைந்தது என்ன, ஏன் குறைந்தது என்பதை ஊரில் இருப்பவர்களுக்காகவாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தத் தோட்டத்தைச் சொல்கிறேன். வீட்டின் பின்புறம் பாய் விரித்த மாதிரி ஒரு புல்தரை, அதைச் சுற்றி வேலி, வேலியை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்கு ஒரு நீளப் பாத்தி. இங்கே எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பாத்தி உண்டு. அதில் உயரமான செடிகளைப் பின்னாலும் குட்டையானவற்றை முன்னாலும் நடுகிறார்கள். ஒருமுறை நட்டால் போதும். பனிக்காலத்தில் தரையோடு காய்ந்து காணாமல் போய்விடும். சித்திரை வைகாசியில் அதே வேரிலிருந்து தானே கிளம்பி வரும். ஆளுயரம் போகும் சில.

திறமை எங்கே இருக்கிறது என்றால், ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்குகிற மாதிரி நடுவதில். ஜூனில் ஃபாக்ஸ்க்ளவ், டெல்பினியம். ஜூலையில் ஃப்ளாக்ஸ். ஆகஸ்டில் ஹெலினியமும் ருட்பெக்கியாவும், நம் ஊர் சாமந்தியின் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. அக்டோபர் வரை ஆஸ்டர். மே கடைசியில் ஃப்ளாக்ஸ் செடிகளில் பாதியை மட்டும் கத்தரியால் தலையைக் கிள்ளிவிட்டால் அவை தாமதமாகப் பூக்கும், அப்படி ஒரே செடியை இரண்டு தவணையாகப் பூக்கவைக்கலாம். காற்றடித்தால் சாய்ந்துவிடும் என்பதால் செடி முழங்கால் உயரம் இருக்கும்போதே குச்சி ஊன்றிவிட வேண்டும். வளர்ந்தபிறகு ஊன்றினால் தூக்கில் போட்ட மாதிரி இருக்கும். இதெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கு ஆறேழு கோடைகள் ஆயின.

திருவண்ணாமலையில் நான் வளர்ந்தது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில். எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது ஒரு துளசித் தொட்டி மட்டும். பூ வேண்டுமென்றால் வாசலில் வரும் கூடையிலிருந்து முழம் போட்டு வாங்குவோம். கோடை என்றால் மலை வெந்து, தார் இளகி, கோயில் பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாத நாட்கள். கோடையில் பூ என்கிற பேச்சே எங்களுக்குக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இங்கே ஜூன் மாதம் அந்தப் பாத்தி நிரம்பி நிற்பதை நான் ஒரு பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டேன். யாரையும் ஒரு பூவைக்கூடப் பறிக்க விட்டதில்லை.

2

போன வருஷம் மே மாதக் கடைசியில் என் அக்கா அஞ்சலை வந்தாள். கீழ்பென்னாத்தூரில் தனியாக இருக்கிறாள். மாமா தவறிப்போன பிறகு கழனியை அவளேதான் பார்த்துக்கொள்கிறாள், நெல்லும் மணிலாக்கொட்டையும். மகன் பிரபு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "எங்கூட வந்து இரும்மா" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். "கழனிய யாரு பாக்கறது?" என்று இவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

என் தோட்டத்தை அவள் முதல் நாளே சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இவ்ளோ பூவையும் என்னடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்றதில்லக்கா. பாக்கறதுதான்."

"சாமிக்கு வெக்க மாட்டியா?"

"செடியிலயே இருக்கட்டும்னு விட்டுடுவேன்."

மறுநாளிலிருந்து குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவது அவள் வேலையாகிவிட்டது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் போனால் நான்கு மணிக்குத்தான் வருவேன். என் கணவர் வேலை விஷயமாக அந்த மாதம் ஸ்காட்லாந்தில் இருந்தார். என் மகள் மீரா, பதினாறு வயது, பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். வீட்டில் என்றால் மாடியில், அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வாள். பெரியம்மா வந்த நாளில் வந்து கட்டிக்கொண்டதோடு சரி.

"புள்ள சாப்புடுதா இல்லியா?" என்று அக்கா தினமும் கேட்பாள். அதுதான் அவளுடைய பெரிய குறை. அது தவிர, கடையில் பிளாஸ்டிக் பையில் வருகிற கீரை அவளுக்குப் பிடிக்கவில்லை. "இதுல ருசியே இல்லடி. வைக்கோல திங்கற மாதிரி இருக்குது."

3

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அக்கா சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி.

"வயித்த பெரட்டுது, வசந்தி. ரெண்டு மூணு தரம் வாந்தி எடுத்துட்டேன்."

ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சுக்குக் காபி போட எழுந்தேன். அப்போது அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏன்டி பகல்லயே லைட்டு போட்டுட்ட? எல்லாம் ஒரே மஞ்சளா தெரியுது."

விளக்கு எரியவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கிடைத்தபோது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"என்னக்கா சாப்ட்ட?"

"கீரை கடைஞ்சேன். உனக்கும் எடுத்து வெச்சிருக்குறேன்."

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பின் மேல் சட்டியில் புளி விட்டுக் கடைந்த கீரை. பாத்திரம் கழுவும் தொட்டியில், ஆய்ந்து போட்ட காம்புகளும் பழுத்த இலைகள் சிலவும் கிடந்தன. ஒரு இலையை எடுத்து விரித்தேன். முள்ளங்கிக் கீரை மாதிரி சுருக்கமாக, அடிப்புறம் மெல்லிய ரோமத்தோடு, பஞ்சு போல இருந்தது. எனக்கு அந்த இலையை நன்றாகத் தெரியும். ஃபாக்ஸ்க்ளவ் முதல் வருஷம் பூக்காது. தரையோடு இலை மட்டும் விரித்துக்கொண்டு நிற்கும், இரண்டாம் வருஷம்தான் தண்டு கிளம்பும். தானே விதை உதிர்த்துப் பாத்தி முழுக்கக் கன்று போடும். வாங்கிவந்த நாளிலேயே தொட்டியில் செருகியிருந்த அட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான்: உண்ணக் கூடாது. இதயத்தை நிறுத்திவிடும் இலை அது.

அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்: மூச்சு இருக்கிறதா, விழித்திருக்கிறாரா, என்ன சாப்பிட்டார்?

"இலை" என்றேன்.

"என்ன செடியின் இலை?"

எனக்குப் பெயர் வரவில்லை. எத்தனையோ வருஷமாக நானே நட்டு, நானே விதை தூவிய செடி. வாய் திறந்தால் "அந்தப் பூ, அந்த நீளப் பூ" என்று தமிழ்தான் வந்தது. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். எனக்குப் பின்னால் படியில் யாரோ வேகமாக இறங்கும் சத்தம். மீரா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஃபாக்ஸ்க்ளவ்" என்றாள். "என் பெரியம்மா ஃபாக்ஸ்க்ளவ் சாப்பிட்டுவிட்டார்."

4

ஆம்புலன்ஸில் அக்காவின் மார்பில் இதயத் துடிப்பைப் பார்க்கும் ஒட்டுகளை ஒட்டினார்கள். திரையில் ஓடிய எண் நாற்பதைத் தொட்டுவிட்டுக் கீழே போனது.

மருத்துவமனையில் கணினிக்கு இரண்டு பெயர் வேண்டும். அக்காவின் பாஸ்போர்ட்டில், குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் மாமாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, ஒரு பட்டையை அச்சிட்டு மணிக்கட்டில் கட்டினார்கள்: ஏழுமலை, அஞ்சலை. அதற்குப் பிறகு அங்கே அவள் பெயர் ஏழுமலை ஆகிவிட்டது.

ஊசி போடுவதற்கு முன், ரத்தம் எடுப்பதற்கு முன், ஒவ்வொரு தடவையும் நோயாளியே தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். அது அங்கே விதி. ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக. மீரா கேட்டாள்: "பெரியம்மா, உங்க பேரு சொல்லுங்க."

"அஞ்சலை."

"முழுப் பேரு?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து, காதருகே, அவளுக்குத் தெரிந்த உச்சரிப்பில் கூப்பிட்டாள்: "எலுமலாய்? எலுமலாய்?"

அக்கா சட்டென்று தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அவரு வந்துகிறாரா?" என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். மருத்துவரிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது: நோயாளி குழம்பியிருக்கிறார், தன் பெயர் தெரியவில்லை, இல்லாத யாரையோ தேடுகிறார். இளம் மருத்துவர் தாடையைத் தடவினார். விஷம் மூளை வரை போயிருக்கலாம், அல்லது மூளையிலேயே வேறு ஏதாவது இருக்கலாம், முதலில் ஸ்கேனுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தார். ஸ்கேன் வேறு கட்டடத்தில் இருந்தது. திரையில் எண் முப்பத்தெட்டு. அந்த நிலையில் அவளைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் பிடித்தார்கள். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். "அம்மா, சத்தி எடுத்தனீங்களோ?" என்று அன்பாகக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி, சத்தியம் பண்ணச் சொல்றாரா?"

அவர்கள் ஊரில் வாந்திக்குச் சத்தி என்று பெயர். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மருத்துவர் இதையும் கவனித்தார். மொழிபெயர்ப்பாளரிடம்கூட ஒழுங்காகப் பதில் சொல்லாத நோயாளி.

மீரா அக்காவின் கட்டிலில் ஏறாத குறையாகக் குனிந்தாள்.

"பெரியம்மா, ஏன் ஏழுமலைன்னு சொல்ல மாட்டேங்கறீங்க? சொன்னாதான் மருந்து."

"ஊட்டுக்காரரு பேர எப்பிடி கண்ணு சொல்றது?" அக்காவுக்குச் சொற்கள் இழுத்து இழுத்து வந்தன. "இத்தினி வருஷத்துல ஒருநாளும் சொன்னதில்ல. அந்த பொண்ணு கூப்புட்டதும் அவருதான் வந்துட்டாரோன்னு பாத்தேன். செத்தவரு எங்க வரப்போறாரு? தெரியும் எனக்கு."

மீராவுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. நான் சொன்னதில்லை. அன்றைய பதற்றத்தில் எனக்கே அது உறைக்கவில்லை. பிறகு அவள் நிமிர்ந்து மருத்துவரிடம் திரும்பினாள். என் மகள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை. கையில் கட்டியிருப்பது இறந்துபோன கணவரின் பெயர். எங்கள் ஊரில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார் என்றாள்.

மருத்துவர் கேட்டார்: "இது என்ன மாதம்?"

"ஆனி பொறந்துடுச்சி" என்றாள் அக்கா.

"ஆனி" என்றாள் மீரா மருத்துவரிடம். அவளுக்கு அது எந்த மாதம் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். "ஜூன் பாதியில் பிறக்கும் மாதம்" என்றேன்.

"சரியாகத்தான் இருக்கிறது" என்றார் மருத்துவர். ஸ்கேன் வேண்டாம் என்றார். பக்கத்து நகரத்து மருத்துவமனையிலிருந்து மாற்று மருந்து வந்துகொண்டிருந்தது. இந்த விஷத்துக்கென்றே உள்ளது, எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்களாம். அது வரும்வரை திரையில் எண் ஏறியது, இறங்கியது. இரண்டு தடவை மணி அடித்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நடுவில், வெளிநாட்டவர் பிரிவு என்று சொல்லி ஒரு பெண்மணி வந்து விசா எப்போது முடிகிறது என்று கேட்டார். நான் அவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே "பிறகு வருகிறேன்" என்று போய்விட்டார்.

மருந்து வந்து, சொட்டுச் சொட்டாக ஏறி முடிந்த பிறகு அக்கா கண்ணைத் திறந்தாள். எண் ஐம்பத்து நான்கு. சன்னல் பக்கம் பார்த்தாள்.

"இப்ப வெள்ளையா தெரியுது" என்றாள்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5

பிரபு தினமும் மத்தியானம் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். முதல் நாள், "அக்கா தூங்குறா" என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவன் கடையில் அடையாள அட்டை நகல் எடுக்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"என்ன சித்தி சொல்றீங்க? எங்கம்மா விஷச்செடிய கீரைன்னு பறிச்சாங்களா? ஊருக்கே கீரை பறிச்சி குடுக்கறவங்க! நீங்கல்லாம் எங்க போயிருந்தீங்க?"

அக்கா படுக்கையிலிருந்தே கையை நீட்டிப் போனை வாங்கினாள். "நானாதான்டா பறிச்சேன். கண்ணு சரியா தெரியல. யார் மேலயும் கோவப்படாத."

அவன் அடங்கிவிட்டான். ஆனால் அடங்கிய விதம் எனக்குப் பயமாக இருந்தது. "கண்ணு தெரியலியா? எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் பேசவில்லை. அவள் போனை எடுத்தால் பேசுவான். நான் எடுத்தால் வைத்துவிடுவான்.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று மீரா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். பூத்து நின்றவை, கன்றுகள், எதையும் விடாமல் அத்தனை ஃபாக்ஸ்க்ளவையும் வேரோடு தோண்டினாள். நான் போய் உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த மாதம் முழுக்க அவள் மாடிக்குப் போகவில்லை. பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக்கொடுப்பாள். சரியாகச் சாப்பிடவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

6

ஆகஸ்டில் நானும் மீராவும் அக்காவை ஊருக்குக் கொண்டுபோய் விட்டோம். வேங்கிக்காலில் பிரபுவின் வீடு, மாடியில். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதையைத் திருப்பிவிட்டிருந்ததால் கார் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. பிரபு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். என்னிடம் "வாங்க" என்றான், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னான்:

"அம்மா, நீ இனிமே இங்கதான். கீழ்பென்னாத்தூருல தனியா வுட முடியாது. கண்ணு தெரியாம நீ கிணத்து மேட்டுல நடக்கறத என்னால நெனச்சிப் பாக்க முடியல. கழனிய குத்தகைக்கு வுடறேன். சாயந்திரம் ஆளு வராங்க பேசறதுக்கு."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவள் கோபப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றாள். மாமா செத்தபோதுகூட மூன்றாம் நாள் கழனிக்குப் போனவள். அவள் ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"பெரியம்மாக்கு கண்ணு நல்லா தெரியும்" என்றாள் மீரா.

பிரபு திரும்பிப் பார்த்தான்.

"நீ சும்மா இரு கண்ணு" என்றாள் அக்கா அவசரமாக.

மீரா சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்றாள். தமிழில்தான் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"அண்ணா, பெரியம்மா கீழ தோட்டத்துல இருந்து கேட்டாங்க. இது கீரையா, சாப்பிடலாமான்னு. இலைய தூக்கிக் காட்டுனாங்க. நான் மேல ரூம்ல இருந்தேன். ஆமா சாப்பிடலாம்னு நான்தான் சொன்னேன்."

அவள் என் பிள்ளை. வாய் தானாகத் திறந்தது.

"அவளுக்குத் தமிழ் சரியா வராது பிரபு. கேட்டது புரிஞ்சிருக்காது..."

"புரிஞ்சிதும்மா" என்றாள் மீரா. "நல்லா புரிஞ்சிது. நான் பாக்கல. போன்ல இருந்தேன். ஜன்னல் கிட்டகூட வரல. ஆமான்னா அவங்க திரும்ப கேக்க மாட்டாங்கன்னுதான் அப்படி சொன்னேன்."

பிரபு அவளைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?"

"அந்த புள்ள மூஞ்சிய நீ பாக்கல. ஆஸ்பத்திரில நான் பாத்தேன்."

"கழனி போனாக்கூட பரவாயில்லன்னு இருந்தியா?"

"கழனிக்காக உங்கிட்ட எத்தினி சண்ட வேணும்னாலும் போடுவேன்டா. வயசுப் புள்ளய காட்டிக் குடுத்துட்டு என்னா சண்ட?"

பிரபு எழுந்து பால்கனிக்குப் போனான். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணே, சாயந்திரம் வர வேணாம்... இல்ல இல்ல, நாளைக்கும் வேணாம்."

உள்ளே வந்தவன் மீராவுக்கு எதிரே நின்றான். கோபம் போயிருக்கவில்லை. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இனிமே யார்னா எதுனா கேட்டா, எழுந்து வந்து பாத்துட்டு சொல்லு" என்றான்.

"பாத்துட்டு சொல்றேன் அண்ணா."

அக்கா அதற்குள் மூலையில் வைத்திருந்த தன் பையைத் தூக்கிவிட்டாள். "வெயிலு தாழறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிடறேன்டா. ரெண்டு மாசமாச்சி, கழனி எப்பிடி கெடக்குதோ."

"இன்னிக்கேவா?"

"பின்ன?"

மீரா அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். போகட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பெரியம்மாவுக்கு முன்னால் படியிறங்கினாள். நான் பின்னாலேயே எழுந்தேன்.

"சித்தி" என்றான் பிரபு. இரண்டு மாதத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க உக்காருங்க. அவங்க ரெண்டு பேரும் போவட்டும்."